மக்கள் பூங்காவில் எழுந்த அரங்குகள்



பல ஆண்டுகளுக்கு முன் மேடவாக்கத்திலிருந்து முப்பது மாணவர்களை அழைத்துக்கொண்டு தாம்பரம் சென்று, அங்கிருந்து மின்சார ரயிலில் ஏறிப் பூங்கா நிலையத்தில் இறங்கினேன். படியேறி வெளியே வந்ததும் ஆறாம் வகுப்புச் சிறுவன் ஒருவன் நாற்புறமும் பார்த்துவிட்டு, "ஐயா, நிலையத்தின் பெயர் பூங்கா என்கிறார்களே, பூங்கா எங்கே?" என்று கேட்டான். எதிரே சென்ட்ரல் நிலையத்தின் செங்கற் கோபுரம். இடப்பக்கம் ரிப்பன் மாளிகையின் வெண்மை. இடையே வண்டிகளின் இரைச்சல். மரம் என்று சுட்டிக்காட்ட அங்கொன்றும் இங்கொன்றுமே இருந்தன. கேள்வி நியாயமானதுதான். அதற்கு அன்று நடைபாதையில் நின்றபடி நான் கூறிய விடையைத்தான் இன்று சற்று விரித்துச் சொல்ல விரும்புகிறேன்.

பூங்கா உண்மையிலேயே இருந்தது. 1859-ஆம் ஆண்டில் சென்னை ஆளுநராக வந்த சர் சார்லஸ் டிரெவெல்யன், நெருக்கமான கறுப்பர் நகரத்து மக்கள் நல்ல காற்று வாங்க ஓரிடம் வேண்டும் என்று எண்ணினார். அவ்வெண்ணத்தில் பிறந்ததே மக்கள் பூங்கா. ஏறத்தாழ 116 ஏக்கர் பரப்பில் குளங்களும் நடைபாதைகளும் இசைக்குழு அமர்ந்து வாசிக்கும் மேடையும் அமைந்தன. எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருந்த விலங்குகளும் பின்னர் இங்கே வந்து சேர்ந்தன. அருங்காட்சியகத்தைச் 'செத்த காலேஜ்' என்றும் விலங்குக் காட்சிச்சாலையை 'உயிர் காலேஜ்' என்றும் நம் முன்னோர் வழங்கினர். எந்தப் புலவரும் இதைவிடச் சுருக்கமாக அவ்விரண்டின் வேறுபாட்டைச் சொல்லிவிட முடியாது. அவ்விலங்குகளே 1985-இல் நம் பக்கத்து வண்டலூருக்குக் குடிபெயர்ந்தன. பூங்கா நிலத்தைக் கட்டடங்கள் ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டன: விக்டோரியா பொது மண்டபம், மூர் மார்க்கெட், ரிப்பன் மாளிகை, விளையாட்டரங்கம், இறுதியாக 1995-இல் எழுந்த நேரு உள்விளையாட்டரங்கம். பூங்கா அழிந்தது வருந்தத்தக்கதே. ஆயினும் நூற்றாண்டுக்கு மேலாகச் சென்னை மக்கள் ஒரு கூரையின் கீழ்க் கூடிக் கண்டு களித்த வரலாறு முழுவதும் அந்த ஒரே நிலத்தில் அடுக்கடுக்காகக் கிடக்கிறது என்பதும் உண்மை.

கூரையின் கீழ்க் கூடுதல் என்பது நமக்குப் பழக்கமானதன்று. என் இளமையில் மேடவாக்கம் ஏரிப்பாசனத்தை நம்பி வாழ்ந்த சிற்றூர். அறுவடை முடிந்தபின், பங்குனி சித்திரை இரவுகளில் சுற்றுவட்டாரத்தில் எங்கேனும் தெருக்கூத்து நடக்கும். நான்கு கழிகளை நட்டு, ஒரு பெட்ரோமாக்ஸ் விளக்கைத் தொங்கவிட்டால் அரங்கு ஆயத்தம். பார்ப்பவர்க்கு வானமே கூரை. எழுந்து போக நினைத்தவர்க்கு எட்டுத் திசையும் வாயில். கூத்துப் பிடிக்காதவன் வயல் வரப்பில் படுத்து உறங்கலாம். மழை வந்தால் கூத்தும் நின்றுவிடும். கூட்டத்தைச் சுவர்களுக்குள் அடைத்துவைத்துக் காட்சி காட்டுவது என்றவுடன் மூன்று வினாக்கள் பிறக்கின்றன. எல்லோரும் காண்பது எப்படி? எல்லோரும் கேட்பது எப்படி? எல்லோரும் வெளியே போவது எப்படி? முதலிரண்டு வினாக்களுக்கு மனிதன் விரைவில் விடை கண்டான். மூன்றாவதற்கு அவன் கொடுத்த விலை பெரிது.

அரங்கு அமைக்கும் அறிவு தமிழர்க்குப் புதிதன்று. சிலப்பதிகாரத்தில் அரங்கேற்று காதையை நீங்கள் பாடமாகப் படித்திருப்பீர்கள். மாதவி ஆடிய அரங்கின் அளவை இளங்கோவடிகள் கணக்காகவே தருகின்றார். 24 விரல் கொண்டது ஒரு கோல். அக்கோலால் ஏழு கோல் அகலம், எட்டுக் கோல் நீளம், ஒரு கோல் உயரம். கோலை ஒன்றரை முதல் இரண்டு அடி எனக் கொண்டால், பத்தடிக்கும் பதினாறடிக்கும் இடைப்பட்ட சிறு மேடை அது. மூன்று வகைத் திரைகள். தூணின் நிழல் மேடையில் விழாதபடி வைத்த விளக்கு. புகவும் போகவும் இரண்டு வாயில்கள். நிழல் விழக்கூடாது என்று எண்ணிய நுட்பத்தைக் கவனியுங்கள்! மின்விளக்கு வந்தபின் நாம் மறந்துபோன நுட்பம் அது. ஆயின் காண்போர் எங்கே இருந்தனர், எத்தனை பேர், எவ்வழி வந்து எவ்வழி சென்றனர் என்பதற்கு அங்கே அளவு இல்லை. ஆடுபவளுக்கு நூல் உண்டு, பார்ப்பவனுக்கு இல்லை.

பெருங்கூட்டம் அமரக் கூடிய மண்டபங்களை நம் கோயில்களில் கட்டினார்கள். மதுரை ஆயிரங்கால் மண்டபத்தில் 985 தூண்கள் உள்ளன. அழகுக்காக மட்டும் அத்தனை தூண்களை நிறுத்தினார்கள் என்று எண்ணற்க. கருங்கல் அழுத்தத்தைத் தாங்குவதில் வல்லது. வளைந்து இழுபடுவதைத் தாங்குவதில் எளியது. ஒரு கல் உத்தரத்தை இரண்டு தூண்களின்மேல் கிடத்தி, இடைவெளியை நீட்டிக்கொண்டே போனால் அதன் அடிப்புறம் விரிசல் கண்டு முறிந்துவிடும். ஆகவே சில அடிகளுக்கு ஒரு தூண் வேண்டும். தூண் பெருகப் பெருகப் பார்வை மறையும். ஆயிரங்கால் மண்டபத்தில் ஆயிரம் பேர் அமரலாம். ஆயினும் ஒருவரின் ஆட்டத்தை அந்த ஆயிரம் பேரும் காண இயலாது. மரச் சட்டத்தையும் பின்னர் இரும்புச் சட்டத்தையும் முக்கோண முக்கோணமாகப் பிணைத்துக் கூரை அமைக்கக் கற்றபின்பே நடுவில் தூணில்லாத அகன்ற கூடம் பிறந்தது. நாற்கோணம் அசைந்தால் சரியும். முக்கோணம் பக்கம் முறிந்தாலன்றி உருமாறாது. வடிவியல் வகுப்பில் நீங்கள் வரையும் முக்கோணம் எட்டாயிரம் பேரின் தலைக்கு மேல் நின்று கூரையைத் தாங்குகிறது.

இனி விக்டோரியா பொது மண்டபத்திற்கு வருவோம். சென்னையில் கூட்டம் கூடவும் நாடகம் நடத்தவும் தக்க பொதுமண்டபம் இல்லையே என்று நகரப் பெருமக்கள் 1880-களின் தொடக்கத்தில் ஒன்றுகூடி நன்கொடை திரட்டினர். 1883 டிசம்பரில் விஜயநகரம் மகாராஜா ஆனந்த கஜபதி ராஜு அடிக்கல் நாட்டினார். நகராட்சி மக்கள் பூங்காவில் மூன்று ஏக்கருக்குச் சற்று மிகுந்த நிலத்தை 99 ஆண்டுக் குத்தகைக்குக் கொடுத்தது. கட்டட வடிவத்தை வகுத்தவர் ராபர்ட் பெல்லோஸ் சிசோம். சேப்பாக்கத்துச் செனட் மண்டபத்தை வகுத்தவரும் இவரே. கட்டியவர் நம்பெருமாள் செட்டியார். 1888 முதல் 1890 வரை வேலை நடந்தது. விக்டோரியா அரசியின் ஆட்சி ஐம்பதாம் ஆண்டு நிறைவை ஒட்டி அவர் பெயர் சூட்டப்பட்டது. செங்கற் சுவர்; இத்தாலிய நாட்டுப் பாணியில் ஒரு கோபுரம்; அக்கோபுரத்தின் உச்சியிலோ திருவாங்கூர்க் கோயில்களை நினைவூட்டும் சரிந்த கூரை. இரண்டு கண்டங்களை ஒரே கட்டடத்தில் சேர்த்துவைத்த துணிச்சலை முதற்பார்வையில் நான் விரும்பவில்லை. பலமுறை பார்த்தபின் விரும்பத் தொடங்கினேன். கீழ்த்தளத்தில் ஒரு கூடம், மேல்தளத்தில் ஒரு கூடம். ஒவ்வொன்றிலும் அறுநூறு பேர் அளவில் அமரலாம். மேல் கூடத்தின் கீழ்ப்புறத்தில் மரத்தாலான மாடம் ஒன்றும் உண்டு.

அறுநூறு பேர் என்பது இன்று சிறு தொகை. ஊர்தோறும் உள்ள கல்யாண மண்டபத்தில் அதனினும் மிகுதியானோர் உணவருந்துகின்றனர். அன்றோ அந்த அறுநூறு இருக்கைகளே தமிழ் நாடகத்தின் போக்கை மாற்றின. 1891-இல் பல்லாரியிலிருந்து தர்மவரம் கிருஷ்ணமாச்சார்லு தம் நாடகக் குழுவுடன் சென்னைக்கு வந்தார். கற்றவர்கள், அலுவல் பார்ப்பவர்கள், கூலிக்கன்றிக் கலைக்காக நடிப்பதைக் கண்டு கல்லூரி மாணவர் ஒருவர் வியந்தார். அவரே பம்மல் சம்பந்த முதலியார். அப்போது அவருக்கு வயது 18. அதே ஆண்டு ஜூலை முதல் நாளில் நண்பர்கள் சிலருடன் சேர்ந்து சுகுண விலாச சபையைத் தொடங்கினார். 1893-இல் 'புஷ்பவல்லி' மேடையேறியது. பின்னர் 'மனோகரா' வந்தது. நாடகம் என்றால் கல்வியும் ஒழுக்கமும் அற்றவர் தொழில் என்று இகழ்ந்த காலத்தில் வழக்கறிஞர்களும் ஆசிரியர்களும் முகத்தில் அரிதாரம் பூசி விக்டோரியா மண்டபத்து மேடையில் நின்றனர். சம்பந்த முதலியார் பிற்காலத்தில் நீதிபதியாகவும் பணியாற்றினார். நாடகக்காரருக்கு நீதிமன்றத்தில் இருக்கை கிடைத்தது என்பதைவிட, நீதிபதி நாடக மேடையை விடவில்லை என்பதே எனக்குப் பெரிதாகப் படுகிறது. 91 வயது வரை வாழ்ந்து 1964-இல் மறைந்த அவர் எழுதிய 'நாடக மேடை நினைவுகள்' உங்கள் கல்லூரி நூலகத்தில் இருந்தால் எடுத்துப் படியுங்கள். இல்லையெனில் வாங்கி வைக்கச் சொல்லுங்கள்.

ஆனால் ஒன்று. மண்டபத்தின் பெயரில் 'பொது' இருந்தது. வந்தவரெல்லாம் பொதுமக்கள் அல்லர். நன்கொடை தந்தவர் ஜமீன்தாரும் வணிகரும். சீட்டு வாங்கியவர் பெரும்பாலும் ஆங்கிலம் கற்றவர். மக்கள் பூங்காவின் புல்தரையில் உட்கார்ந்தவன் மண்டபத்து நாற்காலியில் உட்கார நெடுங்காலம் ஆயிற்று. அவனை உள்ளே அழைத்து வந்ததில் திரைப்படத்திற்குப் பெரும் பங்குண்டு. வெள்ளைத் துணியில் உருவங்கள் அசைவதைச் சென்னை முதன்முதலாகக் கண்டதும் 1890-களின் இறுதியில் இதே மண்டபத்தில்தான். சில நிமிடமே ஓடும் துண்டுப் படங்கள், ஒலி இல்லை, கதை இல்லை. எனினும் கூட்டம் வந்தது. தன் வீட்டிலேயே தன் பகைவனுக்கு விருந்து வைத்ததுபோல, நாடகத்தின் புகலிடமே திரைப்படத்திற்கு வாயில் திறந்துவிட்டது. 1897 பிப்ரவரி 9-ஆம் நாள், மேலை நாடுகளிலிருந்து திரும்பிய சுவாமி விவேகானந்தர் தாம் செய்யக் கருதியிருக்கும் பணியைப் பற்றி இங்கே உரையாற்றினார் என்பதையும் சொல்லவேண்டும். நாடகம், சொற்பொழிவு, திரைப்படம் மூன்றும் ஒரே மேடையைப் பகிர்ந்துகொண்ட பத்தாண்டு அது.

அந்நாளில் ஒலிபெருக்கி இல்லை என்பதை நினைவில் வையுங்கள். மேடையில் நின்றவர் தம் தொண்டையை மட்டுமே நம்பினார். எஸ். ஜி. கிட்டப்பாவைப் போன்றவர்கள் கடைசி வரிசை வரை கேட்கப் பாடினார்கள் என்றால், அதில் குரலுக்கு ஒரு பங்கு, கூடத்துக்கு ஒரு பங்கு. ஒலி ஒரு நொடியில் ஏறத்தாழ 340 மீட்டர் செல்லும். 17 மீட்டர் தொலைவில் உள்ள சுவரில் பட்டுத் திரும்ப அதற்கு நொடியில் பத்தில் ஒரு பங்கு ஆகும். அவ்வளவு தாமதித்துத் திரும்பும் ஒலி, சொன்ன சொல்லோடு ஒட்டாமல் தனியே எதிரொலியாகக் கேட்கும். சிறு கூடத்தில் திரும்பும் ஒலி விரைவில் வந்து குரலுக்கு வலுவூட்டும். பெருங்கூடத்தில் பிந்தி வந்து குரலைக் குழப்பும். லண்டனில் 1871-இல் திறந்த ஆல்பர்ட் மண்டபத்தில் ஐயாயிரம் பேருக்கு மேல் அமரலாம். ஆனால் அதன் குவிந்த கூரை தந்த எதிரொலி நூறாண்டுக் காலம் பாடகர்களை வருத்தியது. 1969-இல் கூரையிலிருந்து காளான் வடிவத் தட்டுகளைத் தொங்கவிட்ட பின்னரே அது அடங்கிற்று. அரங்கின் ஒலியைக் கணக்கிட்டு அறியலாம் என்று காட்டியவர் ஹார்வர்டு பல்கலைக்கழகப் பேராசிரியர் வாலஸ் சபைன். இருக்கை மெத்தைகளை ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து கூடத்தில் வைத்து, ஒலி எவ்வளவு நேரத்தில் அடங்குகிறது என்று இரவுதோறும் அளந்து அவர் தம் விதியைக் கண்டார். அவ்விதியின்படி அமைந்த பாஸ்டன் இசை மண்டபம் 1900-இல் திறக்கப்பட்டது. சிசோம் தம் மண்டபத்தை வகுத்தபோது இவ்விதி பிறக்கவே இல்லை. கண்ணளவையும் பட்டறிவையும் கொண்டே செய்தார்.

சுகுண விலாச சபை 1936-இல் மவுண்ட் ரோட்டில் தன் சொந்த இடத்திற்குச் சென்றது. அதன்பின் மண்டபத்தின் பொலிவு குன்றியது. குத்தகைக் காலம் 1985-இல் முடிந்தது. இடத்தின் உரிமை பற்றிய வழக்கு நீண்டது. கூரை ஒழுகியது, சுவரில் மரம் முளைத்தது. 1985-ஆம் ஆண்டு அந்த வட்டாரத்துக்கே நல்ல ஆண்டன்று: பக்கத்திலிருந்த மூர் மார்க்கெட் தீயில் எரிந்ததும் அவ்வாண்டின் மே மாதத்தில்தான். விக்டோரியா மண்டபத்தைச் செப்பனிடும் பெரும்பணியை மாநகராட்சி 2023-இல் மேற்கொண்டது.

அரங்கம் ஒன்று எதற்காகக் கட்டப்படுகிறதோ அதற்கு மட்டும் பயன்படுவதில்லை என்பதற்கு வாலாஜா சாலைக் கலைவாணர் அரங்கத்தைச் சொல்லலாம். முதல் பொதுத் தேர்தலுக்குப்பின் 1952-இல் சென்னைச் சட்டமன்றம் கூடுவதற்கென்று அரசினர் தோட்டத்தில் கட்டிய கட்டடம் அது. சட்டமன்றம் கோட்டைக்குத் திரும்பியதும் குழந்தைகளுக்குக் காட்சி காட்டும் பாலர் அரங்கம் ஆயிற்று. 1974-இல் என். எஸ். கிருஷ்ணன் நினைவாகக் கலைவாணர் அரங்கம் எனப் பெயர் பெற்றது. பழைய கட்டடம் இடிக்கப்பட்டு, புதியது 2016-இல் திறக்கப்பட்டது. 2020 செப்டம்பரில் கொள்ளைநோய்க் காலத்தில் உறுப்பினர்கள் இடைவெளி விட்டு அமரவேண்டிய நிலை வந்தபோது சட்டமன்றம் மீண்டும் அங்கேயே கூடியது. சட்டமன்றம் நாடகக் கொட்டகையாகி, நாடகக் கொட்டகை சட்டமன்றமானது. கலைவாணர் இருந்திருந்தால் இதைக் குறித்து ஒரு காட்சியே நடித்திருப்பார்!

இனி விளையாட்டரங்கம். விக்டோரியா மண்டபத்துக்கும் ரிப்பன் மாளிகைக்கும் பின்புறத்தில், மக்கள் பூங்காவின் மிச்சத்தில், மாநகராட்சி விளையாட்டரங்கம் இருந்தது. 1956 ஜனவரியில் நியூசிலாந்துக்கு எதிராக வினு மன்கட்டும் பங்கஜ் ராயும் முதல் விக்கெட்டுக்கு 413 ஓட்டங்கள் எடுத்தது இங்கேதான். 52 ஆண்டுகள் அச்சாதனையை ஒருவரும் கடக்கவில்லை. அவ்விடத்தில் புதிய நேரு விளையாட்டரங்கம் 1993-இல் எழுந்தது. 1995 டிசம்பரில் தெற்காசிய விளையாட்டுப் போட்டிகள் சென்னையில் நடைபெற்றன. அவற்றிற்கென அதன் அருகில் கூரையுள்ள பேரரங்கம் ஒன்று கட்டப்பட்டது. அதுவே நேரு உள்விளையாட்டரங்கம். எட்டாயிரம் பேர் வரை அமரலாம். விக்டோரியா மண்டபத்தின் மேல் கூடத்தைப்போல் பன்னிரண்டுக்கு மேற்பட்ட கூடங்களை ஒன்றாகச் சேர்த்ததற்கு ஒப்பான கூட்டம்! நடுவில் ஆடுகளம், சுற்றிலும் படிப்படியாக உயரும் இருக்கைகள், எங்கும் தூணில்லை.

இந்த அரங்கில் என் மனத்தைக் கவர்ந்தது கபடியே. மண்ணில் ஆடிய ஆட்டம். முழங்கால் தோலை உரித்துக்கொண்டு வீடு திரும்பி அன்னையிடம் அடி வாங்கிய ஆட்டம். அதுவே 2017-ஆம் ஆண்டு தமிழ்த் தலைவாஸ் அணி வந்தபோது, கூரைக்குக் கீழே, விளக்குகளின் வெள்ளத்தில், மெத்தை விரித்த களத்தில் ஆடப்பட்டது. 13 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம். மாதவியின் அரங்கைப் போல் பல மடங்கு. மண் இல்லையே என்று முதலில் குறைபட்டேன். மண்ணில் ஆடியவன் பெயரை அடுத்த ஊர் அறியாது, மெத்தையில் ஆடியவன் பெயரை நாடறிகிறது என்று என் பழைய மாணவன் ஒருவன் கூறியபோது வாயடைத்துப் போனேன். 2019-இல் தொழில்முறைக் கைப்பந்தாட்டத்தின் இறுதிப் போட்டி இங்கு நடந்தது. 2022 ஜூலை 28-இல் சதுரங்க ஒலிம்பியாடின் தொடக்க விழாவும் இங்கேயே நடைபெற்றது. ஆட்டங்கள் மாமல்லபுரத்தை அடுத்த பூஞ்சேரியில் நடந்தன. இடையில் இசை நிகழ்ச்சிகள், அரசு விழாக்கள். 2021 மே மாதத்தில் ரெம்டெசிவிர் மருந்து விற்பனையைக் கீழ்ப்பாக்கத்திலிருந்து நேரு விளையாட்டரங்க வளாகத்திற்கு மாற்றியபோது, நோயாளிகளின் உற்றார் அங்கே நீண்ட வரிசையில் நின்றனர். கைதட்டி ஆரவாரிக்கப் போன இடத்தில் கைகூப்பி நின்றார்கள்.

இப்போது மூன்றாவது வினா. எல்லோரும் வெளியே போவது எப்படி?

மக்கள் பூங்காவின் வரலாற்றில் ஒரு கறுப்பு நாள் உண்டு. 1886 டிசம்பர் 31-ஆம் நாள் அங்கே ஆண்டிறுதிச் சந்தை நடந்துகொண்டிருந்தது. கூட்டம் நிறைந்திருந்த ஓர் அடைப்பில் தீப்பற்றியது. நூற்றுக்கணக்கானோர் மாண்டனர். விக்டோரியா மண்டபத்திற்கு அடிக்கல் நாட்டி மூன்றாண்டு ஆகியிருந்தது, கட்டடம் எழவில்லை. செங்கற் சுவரும் ஓட்டுக் கூரையும் வீண் ஆடம்பரம் அல்ல என்று நகரம் அறிந்துகொண்ட நாளாக அதனைக் கருதுகிறேன்.

சுவர் மட்டும் காப்பாற்றிவிடாது. சிகாகோ நகரில் 1903-ஆம் ஆண்டு, தீப்பிடிக்கவே முடியாதது என்ற விளம்பரத்துடன் இரோகுவா நாடக அரங்கம் திறக்கப்பட்டது. ஐந்து வாரம் கடந்து, டிசம்பர் 30-ஆம் நாள் பிற்பகல் காட்சியில் திரைச்சீலையில் தீப்பற்றியது. விடுமுறைக் காலம், வந்தவரில் பெரும்பாலோர் தாய்மாரும் குழந்தைகளும். கதவுகள் சில பூட்டியிருந்தன. சில திரைக்குப் பின் மறைந்திருந்தன. சிலவற்றின் தாழ்ப்பாளைத் திறக்கும் முறை ஒருவருக்கும் தெரியவில்லை. 602 பேர் உயிரிழந்தனர். அக்காட்சிக்குச் செல்லவிருந்து, போக முடியாமற்போன கார்ல் பிரின்ஸ்லர் என்ற இரும்புக்கடைப் பணியாளர் ஓய்வின்றிச் சிந்தித்தார். வெளியிலிருந்து திறக்க முடியாது. உள்ளிருந்து யார் உடல் மோதினாலும் தானே திறந்துகொள்ளும். அத்தகைய குறுக்குக் கம்பியுள்ள கதவு அவர் முயற்சியால் 1908-இல் விற்பனைக்கு வந்தது. இன்று பெரிய அரங்குகளின் கதவில் இடுப்புயரத்தில் குறுக்கே ஒரு கம்பி இருப்பதைக் காண்கிறீர்களே, அதன் வரலாறு இதுதான்.

ரோம் நகரத்தார் இதனை முன்பே அறிந்திருந்தனர் என்பது வியப்பு. கி.பி. 80-இல் திறந்த கொலோசியத்தில் ஐம்பதினாயிரம் பேர் அமர்வர். தரைமட்டத்தில் எண்பது வளைவு வாயில்கள். அவற்றுள் 76-க்கு எண் பொறித்திருந்தனர். சீட்டில் உள்ள எண்ணைப் பார்த்து உள்ளே வந்தவர் அதே வழியில் வெளியேறினார். மனிதனை விலங்குக்கு இரையாக்கிக் களித்தவர்கள், பார்க்க வந்தவன் மட்டும் மிதிபடாமல் வீடு சேரவேண்டும் என்று அத்தனை கவனம் எடுத்துக்கொண்டார்கள்!

நம் நாட்டிலோ, தூத்துக்குடியில் 1979 ஜூலையில் ஓலைக் கூரை வேய்ந்த டூரிங் கொட்டகையில் எழுபதுக்கு மேற்பட்டோர் தீக்கிரையாயினர். தில்லி உபகார் திரையரங்கில் 1997 ஜூன் 13-ஆம் நாள் 59 பேர் புகையில் மூச்சடைத்து இறந்தனர். கூடுதல் இருக்கை போடுவதற்காக மாடத்தின் வழி ஒன்று அடைக்கப்பட்டிருந்தது. 2004 ஜூலை 16-இல் கும்பகோணத்துப் பள்ளியில் 94 குழந்தைகள். அது அரங்கமன்று, பள்ளி. ஆயினும் ஆசிரியனாகிய நான் அதனைச் சொல்லாமல் விட இயலவில்லை. அதன்பின் பள்ளிகளில் கீற்றுக் கூரைகளை அகற்ற அரசு ஆணையிட்டது.

இதைப் பற்றி இவ்வளவு பேச எனக்கு ஒரு காரணம் இருக்கிறது. நான் தலைமையாசிரியப் பொறுப்பேற்ற புதிது, 1990-களின் நடுப்பகுதி. பள்ளி ஆண்டுவிழாவை எங்கள் பக்கத்துக் கல்யாண மண்டபம் ஒன்றில் நடத்தினோம். மாணவரும் பெற்றோருமாக அறுநூறு பேர். அழைப்பில்லாத இளைஞர்கள் பக்கக் கதவுகள் வழியே நுழைந்து கூச்சலிடுகிறார்கள் என்று உடற்பயிற்சி ஆசிரியர் வந்து முறையிட்டார். இரண்டு பக்கக் கதவுகளையும் பூட்டும்படி சொன்னவன் நான். சாவி யாரிடம் போயிற்று என்று கேட்டறியாதவனும் நானே. எட்டு மணியளவில் மின்சாரம் நின்றது. மின்னாக்கியை இயக்கினார்கள், அதன் புகை சன்னல் வழியே கூடத்திற்குள் பரவியது. யாரோ "தீ!" என்று கத்தினார். தீ எதுவும் இல்லை. ஆயினும் அறுநூறு பேரும் ஒரே முன்வாயிலை நோக்கி எழுந்தார்கள்.

மேடையில் நின்ற நான் ஒலிபெருக்கியில் அமைதி, அமைதி என்றேன். மின்சாரமில்லாத ஒலிபெருக்கி அது. முதல் வரிசையில் அமர்ந்திருந்த முதியவர் ஒருவர், முற்காலத்தில் கூத்தில் கட்டியங்காரராக நடித்தவர், எழுந்து நின்று பெருங்குரலில், "குழந்தைகள் உட்காருங்கள்! பெரியவர்கள் நில்லுங்கள்!" என்று முழங்கினார். அந்தக் குரல் கடைசிச் சுவர் வரை சென்றது. பாதிப் பேர் உட்கார்ந்தார்கள். அதனாலேயே தப்பினோம். ஏழாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி வாயிற்படியில் விழுந்து கை முறிந்தது. வேறு தீங்கு இல்லை. மறுநாள் அவள் வீட்டிற்குச் சென்றேன். அவள் தந்தை என்னைக் குறை சொல்லவில்லை. "காலம் சரியில்லைங்க ஐயா" என்றார். காலம் சரியாகவே இருந்தது. கதவுதான் பூட்டியிருந்தது. அதை அன்று அவரிடம் நான் சொல்லவில்லை. சில ஆண்டுகள் கழித்து, அப்பெண் பன்னிரண்டாம் வகுப்பு முடித்துச் சான்றிதழ் பெற வந்தபோது, அவளிடமே சொன்னேன். அவள் கையை நீட்டி மடக்கிக் காட்டிவிட்டு, "இப்போது நன்றாக இருக்கிறது, ஐயா" என்று சிரித்தாள்.

முப்பது மாணவர்களை அழைத்துக்கொண்டு பூங்கா நிலையத்தில் இறங்கியது அதற்குப் பிந்திய ஆண்டில். உள்விளையாட்டரங்கில் மாணவர் விழா ஒன்று. இருக்கையில் அமர்த்தியவுடன் அவர்களை எழுப்பி, எத்தனை வாயில்கள், நமக்கு அண்மையில் எது, அது எப்பக்கம் திறக்கிறது என்று பார்த்து வரச் சொன்னேன். பூங்கா எங்கே என்று கேட்ட அதே சிறுவன் முதலில் ஓடிப்போய்த் திரும்பி வந்தான். கதவு வெளிப்பக்கமாகத் திறக்கிறது என்றான். விழா முடிந்து வெளியே வந்தபோது மாலை ஆகிவிட்டது. விக்டோரியா மண்டபத்தின் கோபுரத்தில் புறாக்கள் அடைந்துகொண்டிருந்தன. கம்பி வேலி வழியே அதனைக் காட்டி, சம்பந்த முதலியார் நடித்த இடம் அது என்றேன். உள்ளே போகலாமா என்று கேட்டார்கள். வாயில் பூட்டியிருந்தது. எட்டு மணி ரயிலைப் பிடிக்க நடந்தோம்.